எண்பத்தொன்பது பேரும் ஒரு நாற்காலியும்

நியூயார்க் மாநிலத்தில் இரண்டு கோடிப் பேர் வாழ்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் இன்னும் 89 பேர் எண்ணிக்கையில் சேர்ந்திருந்தால், வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்தின் 27 இடங்களும் அப்படியே நின்றிருக்கும். சேரவில்லை, 26 ஆகிவிட்டது. எண்பத்தொன்பதே பேர்! புரூக்ளினில் ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கதவுகளை இன்னொரு தடவை தட்டியிருந்தால் அத்தனை பேரும் கிடைத்திருப்பார்கள்.

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது மேடை, பலூன், தொலைக்காட்சி விவாதம், விடிய விடிய வரும் முடிவுகள். வாருங்கள், நாம் பின்கட்டுக்குப் போவோம். அங்கே தேர்தலுக்குப் பல வருடங்கள் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. தலை எண்ணுகிறவர்கள், சூத்திரம் போடுகிறவர்கள், வரைபடத்தில் கோடு இழுக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். எந்த ஊரைக் காலி செய்துவிட்டு எந்த ஊரில் யார் குடியேறினார்கள் என்ற சங்கதி அங்கேதான் அதிகாரமாக மாறுகிறது. எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது.

முதலில் சூத்திரக்காரர்களைப் பார்த்துவிடலாம். பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435 நாற்காலிகள். ஐம்பது மாநிலங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் மீதி 385. அந்த 385-ஐயும் மொத்தமாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு நாற்காலியாக எடுத்து, இதற்கு இப்போது யாருக்கு அதிக உரிமை என்று கேட்டுக் கேட்டுக் கொடுக்கிறார்கள். உரிமையை அளக்கும் முறை 1941-இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. மாநிலம் கேட்கும் நாற்காலி எத்தனையாவது என்று பாருங்கள். அந்த எண்ணை அதற்கு முந்தைய எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். மாநிலத்தின் மக்கள்தொகையை அந்த விடையால் வகுங்கள். யாருக்குப் பெரிய விடை வருகிறதோ அவர்களுக்கே நாற்காலி. 2020 கணக்கில் 51-ஆவது நாற்காலி கலிஃபோர்னியாவுக்கு. 52 டெக்சஸ். 53 மறுபடியும் கலிஃபோர்னியா. 54 ஃப்ளோரிடா, 55 நியூயார்க். இப்படியே படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது.

பந்தியில் கடைசி இலை யாருக்கு என்று எல்லாரும் எட்டிப் பார்ப்பார்களே, அந்தக் கட்டம் 435-இல் வருகிறது. எட்டாவது நாற்காலி கேட்டு மினசோட்டா நிற்கிறது. அதன் கணக்கு மக்கள்தொகை 57,09,752. எட்டையும் ஏழையும் பெருக்கினால் 56, அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 7,62,998. பக்கத்தில் 27-ஆவது கேட்டு நியூயார்க். 2,02,15,751 பேர். 702-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 7,62,994. நாலே நாலு வித்தியாசம்! கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், நெஞ்சு படபடக்கும். மினசோட்டா பக்கம் நின்று பார்த்தால் இன்னும் மெல்லிய நூலிழை. அங்கே 26 பேர் குறைந்திருந்தாலே நாற்காலி கைமாறியிருக்கும். இது வெறும் ஒரு எம்.பி. இடம் மட்டுமே என்றும் எண்ணிவிட வேண்டாம். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளும் இந்தக் கணக்கை ஒட்டியே மாநிலங்களுக்குப் போகின்றன. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யூட்டா மாநிலம் 856 பேரில் ஒரு நாற்காலியை வட கரோலினாவிடம் விட்டுக்கொடுத்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மதப் பணியாளர்களையும் எண்ணுங்கள் என்று வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போயும் பலன் இல்லை; பத்து வருடம் காத்திருந்துதான் அது நாலாவது நாற்காலியைப் பிடித்தது.

சரி, இந்தத் தலைகளை எண்ணுவது யார், எப்படி? இங்கேதான் எனக்குக் கொண்டாட்டமே.

2020 கணக்கெடுப்பின் முதல் வீடு எங்கே தெரியுமா? நியூயார்க்கிலும் இல்லை, வாஷிங்டனிலும் இல்லை. அலாஸ்காவின் பெரிங் கடலோரம் டொக்சூக் பே என்ற சின்னஞ்சிறு யூப்பிக் பழங்குடிக் கிராமம். நாட்டின் மற்ற பகுதிகளுக்குக் கணக்கு நாள் ஏப்ரல் 1. இங்கே மட்டும் ஜனவரி 21-ஆம் தேதியே கணக்கெடுப்புத் துறையின் தலைவர் நேரில் வந்து இறங்கிவிட்டார். காரணம் அழகானது. நிலம் உறைந்து கிடக்கும்போதுதான் இந்த ஊர்களுக்குப் போய்வர முடியும், மக்களும் வீட்டில் இருப்பார்கள். பனி உருகியதும் மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் கிளம்பிவிடுவார்கள். 33 கோடிப் பேர் கொண்ட நாடு தன் எண்ணிக்கையை உறைபனியில் ஒரு கதவைத் தட்டித் தொடங்குகிறது!

ஆங்கிலம் அல்லாத 59 மொழிகளில் அந்தக் கணக்கெடுப்புக்கு வழிகாட்டிகள் தயார் செய்தார்கள். அதில் தமிழும் உண்டு. டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ பிள்ளை வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட ஒரு பாட்டி, படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்று தன் மொழியிலேயே தெரிந்துகொள்ள வழி இருந்தது. அங்கே குடியிருக்கிறவர் குடியுரிமை பெற்றவரா என்பது இந்தக் கணக்குக்கு முக்கியமில்லை. குடியிருக்கிறாரா என்பதே முக்கியம்.

நியூயார்க் நகரம் செய்த வேலையைச் சொல்லாமல் நகர முடியாது. கணக்கெடுப்புக்கு அடிப்படை முகவரிப் பட்டியல். பட்டியலில் இல்லாத வீட்டுக்குப் படிவம் போகாது, ஆளும் போகமாட்டார். நகரத் திட்டத் துறையில் மக்கள்தொகை ஆராயும் குழு ஒன்று இருக்கிறது. குவீன்ஸ், புரூக்ளின் தெருக்களில் ஒரு குடும்ப வீடாகப் பதிவானவற்றுக்குள் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று அவர்கள் தேடினார்கள். அடித்தள அறையில் ஒரு குடும்பம், மாடியைத் தடுத்து இன்னொன்று. வாசலில் எத்தனை அழைப்பு மணி, எத்தனை தபால் பெட்டி என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். கடைசியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளைப் பட்டியலில் சேர்த்தார்கள். விளைவு, நகரத்தின் மக்கள்தொகை 88,04,190. பத்து வருடத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஏற்றம். அழைப்பு மணிகளை எண்ணிய அந்தக் கால்கள் நடக்காமல் இருந்திருந்தால், மாநிலம் 89 பேரில் நின்றிருக்காது. பெரிய பள்ளத்திலேயே விழுந்திருக்கும்.

2022-இல் கணக்கெடுப்புத் துறையே தன் கணக்கைத் திருப்பிச் சோதித்துப் பார்த்தது. மினசோட்டாவிலும் நியூயார்க்கிலும் உள்ளதைவிட அதிகமாக எண்ணியிருக்கிறார்கள். டெக்சஸ், ஃப்ளோரிடா உட்பட ஆறு மாநிலங்களில் குறைவாக எண்ணியிருக்கிறார்கள் என்று தெரியவந்தது. ஃப்ளோரிடாவில் விடுபட்டவர்கள் சுமார் மூன்றரை சதவீதம். கணக்கெடுப்புக்கு ஆள் திரட்டிப் பிரசாரம் செய்ய நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் கோடி கோடியாகச் செலவழித்தன. டெக்சஸ் அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாற்காலி கூடும் என்று எதிர்பார்த்த டெக்சஸுக்கு இரண்டே கிடைத்தன. இரண்டு எதிர்பார்த்த ஃப்ளோரிடாவுக்கு ஒன்று. சோதனை முடிவு தெரிந்தாலும் நாற்காலிகள் திரும்ப வராது. எண்ணியது எண்ணியதுதான், 2030 வரை.

இப்போது கொஞ்சம் எட்ட நின்று நாடு முழுவதையும் பாருங்கள். ஒரு பெரிய கூட்டம் தெற்கும் மேற்குமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1940-களில் நியூயார்க்குக்கு 45 பிரதிநிதிகள், ஃப்ளோரிடாவுக்கு 6. இன்று நியூயார்க்குக்கு 26, ஃப்ளோரிடாவுக்கு 28! குளிர்சாதன வசதி வந்ததும், ஓய்வூதியக்காரர்கள் வெயிலைத் தேடிப் போனதும், வடக்கே ஆலைகள் மூடியதும் சேர்ந்து செய்த வேலை இது. டெட்ராய்ட் 1950-இல் 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் நெரித்துக்கொண்டிருந்த நகரம், 2020-இல் 6,39,111. மிச்சிகனின் நாற்காலிகளும் கூடவே கரைந்தன. 2020-இல் முடிந்த பத்தாண்டில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த பெருநகரப் பகுதி எது என்று பார்த்தால், ஃப்ளோரிடாவின் த வில்லேஜஸ், முதியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. கோல்ஃப் வண்டியிலேயே கடைக்கும் வாக்குச்சாவடிக்கும் போய்வரும் ஊர். பத்தாண்டில் 39 சதவீத வளர்ச்சி. கலிஃபோர்னியா தன் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு நாற்காலியை இழந்ததும் இதே கணக்கில்தான்.

எனக்குப் பிடித்த ஓட்டப்பந்தயம் ஃபீனிக்ஸுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நடந்தது. ஒரு பக்கம் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான பழம்பெரும் நகரம், மறுபக்கம் பாலைவனத்தில் விரிந்துகொண்டே போகும் ஊர். 2020-இல் ஃபிலடெல்ஃபியா 16,03,797. ஃபீனிக்ஸ் 16,08,139. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வித்தியாசத்தில் நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம் என்ற பட்டம் பாலைவனத்துக்குப் போய்விட்டது. ஃபீனிக்ஸைச் சூழ்ந்த மாரிகோபா கவுண்டியில் அரிசோனா மக்களில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் இருக்கிறார்கள். 1948-இல் ட்ரூமனுக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கும் பிடிகொடுக்காத கவுண்டி அது. 2020-இல் பைடன் அதை வென்றார், மாநிலத்தையும் 10,457 வாக்கில் வென்றார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஊரின் நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்று எழுதித் தள்ளினார்கள். 2024-இல் மாரிகோபா மறுபடியும் டிரம்ப் பக்கம் போனது. அதே தேர்தலில் மயாமி-டேட் கவுண்டி 1988-க்குப் பிறகு முதல் முறையாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. ஊரில் ஆள் கூடினால் இந்தக் கட்சிக்கு லாபம் என்று சாசனம் எழுதி வைக்க முடியாது. வருகிறவர் யார், அவருக்கு வீட்டு வாடகையும் வேலையும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தே கணக்கு மாறும். அதனால்தான் இது இவ்வளவு சுவாரசியம்.

நகரம் வளர்ந்தால் கிராமம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்குமா? நூறு வருடம் முன்பு கொடுக்க மறுத்தது. அந்தச் சண்டையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1920 கணக்கெடுப்பில் முதன்முறையாக நகரவாசிகள் பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள், 51 சதவீதத்தைத் தாண்டி. நகரம் என்றால் 2,500 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஊர் எல்லாமே கணக்கில் சேர்த்திதான். டெட்ராய்ட்டும் லாஸ் ஏஞ்சலஸும் பொங்கி வழிந்த காலம். கிராமப்புற உறுப்பினர்களுக்குக் கிலி பிடித்தது. போர்க்கால வேலைக்காகப் போனவர்கள் திரும்பி வருவார்கள், ஜனவரியில் எண்ணியதால் பண்ணையாட்கள் விட்டுப்போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி, நாற்காலிகளைப் பிரிக்கும் சட்டத்தைத் தள்ளிக்கொண்டே போனார்கள். பத்தாண்டு முழுக்க 1910 கணக்கிலேயே ஆட்சி நடந்தது. அமெரிக்க வரலாற்றில் அப்படி நடந்த ஒரே பத்தாண்டு அது. 1929-இல்தான் சட்டம் வந்தது. 435 என்ற எண்ணும் அப்போதுதான் உறுதியானது. 1971 கணக்கை வைத்து மாநிலங்களுக்கு மக்களவை இடங்கள் பிரித்த நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, இரண்டு பக்கத்து நியாயமும் நமக்கு உடனே புரிகிறது.

மாநிலச் சட்டமன்றங்களில் நிலைமை இன்னும் மோசம். 1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் 60 லட்சம் பேருக்குக் கலிஃபோர்னியா செனட்டில் ஒரே ஒரு உறுப்பினர். மலைப்பக்கம் மூன்று கவுண்டிகள் சேர்ந்த தொகுதியில் 14 ஆயிரம் பேருக்கும் ஒரே உறுப்பினர்! டென்னசியில் 1901-க்குப் பிறகு எல்லையே மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். மெம்ஃபிஸ் பகுதிக்காரர்கள் கொண்டுவந்த வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. 1964-இல் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நகரவாசியின் வாக்குக்கு முழு எடை கிடைத்த நாள் அது. எனக்கு அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே மிகப் பிடித்தது இதுதான்.

ஆனால் தொகுதிகள் சம எண்ணிக்கையில் இருந்தால் போதுமா? இப்போதுதான் நாம் பின்கட்டின் கடைசி அறைக்கு வருகிறோம். கோடு இழுக்கும் அறை.

கோட்டுக்காரர்களுக்குக் கிடைக்கும் மூலப்பொருள், நாட்டை 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிக் கட்டங்களாகப் பிரித்த பட்டியல். தெருவுக்குத் தெரு எத்தனை பேர், எந்த இனம், எத்தனை வயது வந்தவர் என்று இருக்கும். 2020 பட்டியலில் ஒரு வேடிக்கை. சிகாகோ ஆற்றின் வளைவில், தண்ணீருக்குள் இருக்கும் ஒரு கட்டத்தில் 14 பேர் குடியிருப்பதாகக் காட்டியது! தவறு ஒன்றுமில்லை, வேண்டுமென்றே செய்தது. தனி ஆளை யாரும் துப்பறிந்து கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, சின்னக் கட்டங்களின் எண்களைக் கணிதமுறையில் கொஞ்சம் கலைத்து வெளியிட்டார்கள். மாநில மொத்தத்தில் மட்டும் கை வைக்கவில்லை. இன்னொரு விசித்திரம் அதற்கு முன்பே அயோவாவின் அனமோசா நகரில் நடந்தது. அந்த ஊர் வார்டு ஒன்றில் சிறைச்சாலை. வாக்குரிமை இல்லாத கைதிகளே வார்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய அத்தனை பேரும். 2005-இல் அந்த வார்டுக்கு ஒருவர் இரண்டே வாக்குகளில் நகரமன்ற உறுப்பினர் ஆனார்.

கட்டங்கள் கையில் வந்ததும் வரைபடம் விதவிதமாக வளைகிறது. சிகாகோவில் மேற்கத்திய நாட்டார் குளிருக்கு மாட்டும் காதுமூடி போல ஒரு தொகுதி இருந்தது. வடக்கே புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள், தெற்கே மெக்சிகோ வம்சாவளியினர்; இரண்டையும் நெடுஞ்சாலையை ஒட்டிய மெல்லிய இழையால் கட்டி, லத்தீன் வம்சாவளியினர் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். கோணல் உருவம் எல்லாமே சதி இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஃபிலடெல்ஃபியா புறநகரில் இருந்ததோ வேறு ரகம். கார்ட்டூன் பாத்திரம் கூஃபி, டொனால்ட் டக் வாத்தை உதைப்பதுபோல் இருக்கிறது என்று ஊரே பெயர் வைத்தது. ஓரிடத்தில் ஒரு கடல் உணவகத்தின் அகலம்தான் தொகுதியின் அகலம்! 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தையே ரத்து செய்தது. புதிய கோட்டில் நடந்த தேர்தலில், இரு கட்சிகளுக்கும் இடையே 13-க்கு 5 என்றிருந்த கணக்கு 9-க்கு 9 என்று சமமானது.

நகரத்தை அடக்க எளிய வழி அதைக் கூறுபோடுவது. டென்னசியில் நாஷ்வில் நகரம் அமைந்த டேவிட்சன் கவுண்டியில் ஏழு லட்சத்துச் சொச்சம் பேர், கிட்டத்தட்ட ஒரு தொகுதி அளவு. 2022-இல் அதை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சுற்றியுள்ள கிராமங்களோடு சேர்த்தார்கள். பல பத்தாண்டுகள் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த நகரம், அந்த நவம்பரில் மூன்று குடியரசுக் கட்சிக்காரர்களை அனுப்பியது. இந்த நகரத்தில் வாழ்கிறவர்கள் சார்பாகப் பேச இன்று ஒரு குரல் இல்லை என்பது எனக்கு வருத்தமே. 2025-இல் டெக்சஸ் பத்தாண்டு முடியும்வரை பொறுக்காமலே ஐந்து இடங்களைக் குறிவைத்துப் புது வரைபடம் போட்டது. குலுக்கலில் பெயர் எடுத்துக் குடிமக்கள் குழு அமைத்து நேர்மையாகக் கோடு போட்டுவந்த கலிஃபோர்னியா, பதிலுக்கு நவம்பரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தித் தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. மிசூரி மாநிலம் கான்சஸ் சிட்டி நகரைப் பிளந்தது.

நகரத்தின் வாக்கு வீணாவதற்குக் கோடு போடும் வில்லன் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. ஸ்டான்ஃபோர்ட் அரசியல் அறிஞர் ஜோனதன் ராடன் 2019-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ரயில் பாதையும் ஆலையும் இருந்த இடங்களில் தொழிலாளர் கட்சிகள் வேர்விட்டன; அந்த வாக்குகள் இன்றும் நகர மையங்களில் குவிந்து கிடக்கின்றன. மில்வாக்கி நகரில் எண்பது சதவீத வாக்கு வாங்கினாலும் கிடைப்பது ஒரே இடம், மிச்ச முப்பது சதவீதம் வீண். யாரும் கெட்ட எண்ணத்தோடு கோடு போடாவிட்டாலும் நகரக் கட்சிக்கு இந்தச் சுமை இருக்கும். கெட்ட எண்ணமும் சேர்ந்தால்?

அதற்கு உதாரணம், அதே மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலம். 2011-இல் மாடிசன் நகரில், சட்டமன்றத்துக்கு எதிரே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் அறைக்குள் வரைபடம் தயாரானது. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து, ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கள் தங்கள் தொகுதியை மட்டும் பார்த்துப் போனார்கள். 2018-இல் ஜனநாயகக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் சுமார் 53 சதவீத வாக்கு. 99-இல் 36 இடம். மறுவருடம் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், கட்சி லாபத்துக்காக வரைந்த எல்லைகளில் நாங்கள் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. மாநில நீதிமன்றம் 2023 டிசம்பரில் தலையிட்டது. புதிய வரைபடத்தில் 2024 நவம்பரில் அதே கட்சிக்கு 45 இடங்கள். பெரும்பான்மை இல்லைதான், ஆனால் ஆட்டம் மறுபடியும் ஆட்டமாகிவிட்டது.

இன்று அந்தப் பூட்டிய அறையின் மேசை நம் மடியிலேயே இருக்கிறது. சியாட்டில் மென்பொருளாளர் ஒருவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய டேவ்ஸ் ரிடிஸ்ட்ரிக்டிங் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எந்த மாநிலத்தையும் பிரிக்கலாம். விஸ்கான்சினைத் திறந்து பாருங்கள். மில்வாக்கியின் ஒரு கட்டத்தைத் தொட்டால் நிறம் மாறும், பக்கத்தில் மக்கள்தொகை ஏறும், எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்ற எண் அந்த நொடியே அசையும். நான் உட்கார்ந்தால் இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. எல்லாருக்கும் நியாயமாக ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். தொகுதிகள் கச்சிதமாக இருக்க வேண்டும், நகரம் உடையக் கூடாது, சிறுபான்மையினருக்குக் குரல் வேண்டும், வாக்குக்கேற்ற இடங்களும் வர வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நழுவும். மாடிசன் பக்கம் ஒரு தெருவை நகர்த்துங்கள், கிரீன் பே பக்கம் ஒரு இடம் சாயும்.